அடிப்பவனும் அணிலும்

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. கன்டோன்மென்டிலும் ரயில்வேயிலும் உத்தியோகம் பார்க்க வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று கிழக்கு மாரெட்பள்ளி, மேற்கு மாரெட்பள்ளி அடுக்கு மாடிகளில் வளர்கிறார்கள். வீட்டில் தமிழ், லிஃப்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், ஆட்டோக்காரரிடம் ஹைதராபாத் ஹிந்தி என்று நான்கு மொழிகள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவதாகவும் ஒன்று உண்டு. "கார்சாம்புக்கு ஸ்கார்ஃப் கொடுத்து என்னடா பிரயோஜனம், ஒரு ஐஸ் அடி விழுந்தா காலி" என்று மொட்டை மாடியில் இரண்டு பையன்கள் கவலையோடு பேசிக்கொள்ளும்போது, பக்கத்தில் வடாம் காயவைக்கும் பாட்டிக்கு ஒரு வார்த்தையும் விளங்குவதில்லை.

அது போக்கிமான் மொழி. விளங்காததைக் கெட்டது என்று தீர்ப்பு எழுதுவது பெரியவர்களின் வழக்கம். அதற்கு முன் அதன் இலக்கணத்தில் ஒரு அத்தியாயத்தையாவது படித்துப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் சுவாரஸ்யமான அத்தியாயம், அணியில் அடிப்பவன் யார், அவனுக்குத் துணை யார் என்று தீர்மானிக்கும் அத்தியாயம்தான்.

அறிமுகம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: 1996 பிப்ரவரியில் ஜப்பானில், நின்டென்டோவின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக வெளிவந்த விளையாட்டு இது. உருவாக்கியவர் சதோஷி தாஜிரி. சிறு வயதில் வண்டும் பூச்சியும் பிடித்துச் சேகரித்த பழக்கத்தையே அவர் விளையாட்டாக மாற்றினார். காட்டிலும் வயலிலும் திரியும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, நண்பனின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோருக்கு இது டெலிவிஷன் கார்ட்டூனாகத்தான் பழக்கமாயிற்று. 2016 டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவோடு சேர்ந்து 'போக்கிமான் கோ' இந்தியாவில் அதிகாரபூர்வமாக வந்தபோது, செல்போனைப் பிடித்தபடி பூங்காக்களில் அலைந்தவர்களையும் பார்த்திருப்பீர்கள்.

கார்ட்டூன் பார்ப்பது ஒன்று, போட்டியில் ஆடுவது வேறொன்று. உலக சாம்பியன்ஷிப் வரை போகும் இரட்டையர் ஆட்டத்தில், ஆளுக்கு 6 பிராணிகள் கொண்ட அணி. எதிராளியின் ஆறையும் ஆட்டம் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளலாம். பிறகு தன் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்க வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் 4 வித்தைகள் மட்டுமே. செஸ்ஸில் போல ஒருவர் நகர்த்தியதைப் பார்த்துவிட்டு மற்றவர் நகர்த்துவது இங்கே கிடையாது. இருவரும் ரகசியமாக உத்தரவு கொடுத்த பின், எல்லாம் ஒரே சமயத்தில் வெளிப்படும். வேகமான பிராணி முதலில் அடிக்கும்.

அடிப்படைக் கணக்கு, குழந்தைகள் ஆடும் கல், காகிதம், கத்தரிக்கோல்தான். தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி தண்ணீரைக் குடிக்கும். இப்படி 18 இனங்கள். பொருத்தமான அடி என்றால் இரண்டு மடங்கு வலிக்கும், பொருந்தாத அடி பாதிதான் வலிக்கும், சில அடிகள் சில இனங்களை அறவே தொடாது. ஒரு பிராணிக்கு இரண்டு இனங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் ஆகாத அடி விழுந்தால் நான்கு மடங்கு.

இதைப் படித்ததும் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை ஒன்றுதான்: பலமான ஆறைப் பொறுக்கிப் போட்டால் தீர்ந்தது. எங்கள் கட்டடத்தில் ஒரு கோடை விடுமுறையில் எட்டுக் குழந்தைகள் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொண்டார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆறும் டிராகன்களாகக் கொண்டு வந்தான். எல்லாம் பார்க்கவே மிரட்டும் பிராணிகள். டிராகன் அடி தேவதை இனத்தைத் தொடவே தொடாது. பனி அடியோ, அவன் கொண்டு வந்தவற்றில் பாதியை நான்கு மடங்கு தாக்கும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு தேவதையையும் பனி அடி தெரிந்த ஒரு சாதாரணப் பிராணியையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பினாள். "லக்தான் அங்கிள்" என்றான் பையன். அவள் மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாள்.

அந்தப் பையனிடம் இருந்தவை ஆறு பலசாலிகள். அவனிடம் அணி இல்லை. ஆறு பேருக்கும் ஒரே எதிரி என்றால், ஆறு பேர் இருந்தும் ஒருவர் இருப்பது போலத்தான்.

அனுபவசாலிகள் வேறு மாதிரி தொடங்குகிறார்கள். முதலில் ஒரே ஓர் அடிப்பவனை எடுத்துக்கொண்டு, அவனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். அடிப்பதிலும் இரண்டு ரகம் உண்டு. ஒருவன் சுவரை இடிப்பவன். எதிரணியில் எந்த அடியையும் தாங்கிக்கொண்டு நிற்கும் தடியர்களைப் பிளப்பது அவன் வேலை. மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அடி இடியாக இருக்க வேண்டும். மற்றவன் பெருக்கித் தள்ளுபவன். சுவர் இடிந்த பிறகு, ஏற்கெனவே அடிபட்டுத் தள்ளாடுபவர்களை வரிசையாக முடிப்பவன். அவனுக்கு வேகம் வேண்டும். 'ஸ்வீப்பர்' என்று பையன்கள் சொல்வது இவனைத்தான். கிரிக்கெட்டில் புதுப் பந்தைச் சமாளித்துப் பந்துவீச்சை நொறுக்குபவரும், கடைசி ஐந்து ஓவரில் வந்து முடித்துவைப்பவரும் வேறு வேறு ஆட்கள் அல்லவா, அப்படி. ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்ப்பவர் இரண்டையும் இழப்பார்.

அடுத்தது பட்ஜெட். ஒவ்வொரு பிராணிக்கும் உயிர், தாக்கு, தற்காப்பு, விசேஷத் தாக்கு, விசேஷத் தற்காப்பு, வேகம் என்று ஆறு குணங்கள். பயிற்சியால் இவற்றை உயர்த்தலாம், ஆனால் கைக்காசு அளவுதான். 2014-ல் இருந்த விதிப்படி ஒரு பிராணிக்கு மொத்தம் 510 புள்ளிகள், ஒரு குணத்துக்கு அதிகபட்சம் 252. ஆகவே இரண்டு குணங்களை உச்சத்துக்குக் கொண்டுபோனால் மற்ற நான்குக்கும் சில்லறைதான் மிஞ்சும். அடிப்பவர்கள் பெரும்பாலும் தாக்கிலும் வேகத்திலும் கொட்டிவிட்டு, தற்காப்பில் ஏழையாக நிற்பார்கள். மாதச் சம்பளத்தில் பைக்கும் டிவியும் தவணையில் வாங்கிவிட்டு மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் போல.

வேகத்தில் எத்தனை சிறிய வித்தியாசமும் தலையெழுத்தை மாற்றும். கார்சாம்ப் என்ற டிராகனின் பிறவி வேகம் 102. பிறவி வேகம் 100 உள்ள பிராணிகள் பல உண்டு. 50-ஆம் நிலையில் இரண்டுக்கும் முழுப் பயிற்சி கொடுத்தால் ஒன்று 169, மற்றது 167. இரண்டே புள்ளிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கார்சாம்ப்தான் முதலில் அடிக்கும். முதல் அடியிலேயே எதிராளி விழுந்துவிட்டால் அவனுடைய பதிலடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையில் கொடுக்கும் பொருளிலும் இதே பேரம்தான். ஒரு பட்டி கட்டினால் தாக்கு ஒன்றரை மடங்காகும், ஆனால் களத்தை விட்டு விலகும்வரை ஒரே வித்தையைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும். ஒரு ஸ்கார்ஃப் கட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு, நிபந்தனை அதே. மொட்டை மாடிப் பையன்கள் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை என்ற பாடத்தை இவ்வளவு பச்சையாகச் சொல்லித்தரும் பாடப்புத்தகம் நம் பள்ளிகளில் இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் முக்கியமான கேள்வி வருகிறது. இந்த அடிப்பவனைத் தடுப்பது எது? ஒரு தாளில் எழுதச் சொல்கிறார்கள். இவனைவிட வேகமானவர்கள் யார்? இவன் அடி ஏறாத தடியர்கள் யார்? நான்கு மடங்கு வலிக்கும் அடி எது? எதிரே வந்து நின்ற மாத்திரத்தில் இவன் தாக்கை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துவிடும் மிரட்டல்காரர்கள் யார்? இந்தப் பட்டியல்தான் மீதி ஐந்து பேருக்கான வேலை விளம்பரம். வேகம் போதவில்லையா, நான்கு சுற்றுகளுக்கு அணி முழுவதன் வேகத்தையும் இரட்டிப்பாக்கும் வால்காற்று வித்தை தெரிந்த ஒருவன் வேண்டும். அல்லது மெதுவானவன் முதலில் அடிக்கும்படி ஐந்து சுற்றுகளுக்கு உலகத்தையே தலைகீழாக்கும் அறை வித்தை தெரிந்தவன் வேண்டும். முதல் சுற்றில் எதிராளியைத் திடுக்கிட வைத்து, அடிப்பவனுக்கு ஒரு மூச்சு அவகாசம் வாங்கித் தருபவன் வேண்டும்.

அடிப்பவனே தன் ஆட்களுக்கு ஆபத்தாவதும் உண்டு. நிலநடுக்கம் என்ற வித்தை மிகப் பிரபலம். இரட்டையர் ஆட்டத்தில் அது எதிரிகள் இருவரையும் தாக்கும், பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் சேர்த்துத் தாக்கும். ஆகவே நிலநடுக்கம் செய்பவனுக்குப் பக்கத்தில் பறக்கும் பிராணியை நிறுத்த வேண்டும். பறப்பவனுக்குத் தரை அதிர்ந்தால் என்ன? திறமைசாலி ஒருவர் வேலைக்கு வரும்போது அவர் உண்டாக்கும் அதிர்வைத் தாங்கக்கூடிய சகாவையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பது, ஆபீஸ் நடத்துபவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஒற்றையர் ஆட்டத்தில் இன்னொரு சங்கடம். எதிராளி தரையில் கூர்மையான பாறைகளைத் தூவி வைத்துவிட்டால், களத்தில் நுழையும் ஒவ்வொரு பிராணிக்கும் நுழைவு வரி. பாறை ஆகாத இனமாக இருந்தால் வரி ஏறும். நெருப்பும் சிறகும் கொண்ட சாரிசார்டு நுழைந்த உடனே பாதி உயிரை இழந்துவிடும். எத்தனை பெரிய அடிப்பவனாக இருந்தும், வாசற்படி தாண்டுவதற்குள் பாதி ஆள். சாரிசார்டை அணியில் எடுப்பவர், சுழன்று பாறைகளை அப்புறப்படுத்தும் துப்புரவுக்காரர் ஒருவரையும் எடுத்தே ஆக வேண்டும். அந்தத் துப்புரவுக்காரரின் பெயரை எந்தக் குழந்தையும் பென்சில் டப்பாவில் ஒட்டிக்கொள்வதில்லை.

இனி இந்த அத்தியாயத்தின் மிகப் பிரபலமான உதாரணம். 2014 ஆகஸ்ட், வாஷிங்டன் நகரில் போக்கிமான் உலக சாம்பியன்ஷிப். தென்கொரியாவின் பார்க் செ-ஜுன் தன் அணியை வெளியிட்டபோது அரங்கத்தில் சிரிப்பும் வியப்பும் கலந்து எழுந்தன. கார்சாம்ப், கியாரடோஸ் போன்ற பயில்வான்களுக்கு நடுவே பச்சிரிசு. பெயரைக் கேட்டால் நமக்குப் பச்சரிசி நினைவு வரும். ஜப்பானிய மொழியில் 'ரிசு' என்றால் அணில். 'பச்சி' என்பது பொறி தெறிக்கும் ஓசை. மின்சார அணில். உயரம் 40 சென்டிமீட்டர், எடை 3.9 கிலோ. ஆறு குணங்களின் பிறவிப் புள்ளிகளைக் கூட்டினால் 405. கார்சாம்புக்கு 600. அணிலின் தாக்கு 45 மட்டுமே. குழந்தைகள் செல்லமாக வைத்துக்கொள்ளும் பொம்மை என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பார்க் அதை அடிக்க அனுப்பவில்லை. அவருடைய அடிப்பவன் கியாரடோஸ். நீரும் சிறகும் கொண்ட பெரிய சர்ப்பம். அதற்கு மின்சாரம் நான்கு மடங்கு ஆபத்து. எதிராளி எவராயினும் கியாரடோஸைப் பார்த்ததும் மின்சார அடியைத்தான் தேடுவார். பச்சிரிசுவுக்கோ மின்சாரம் உணவு. மின்சார அடி விழுந்தால் அதன் உயிரில் கால் பங்கு கூடும். அதற்கு 'என்னைப் பார்' என்று ஒரு வித்தையும் தெரியும். அதைச் செய்தால், பக்கத்தில் நிற்பவனுக்குக் குறிவைத்த அடி அணில் பக்கம் திரும்பிவிடும். சர்ப்பத்தை வீழ்த்த வந்த மின்னல் அணிலுக்கு உணவாகும். சர்ப்பம் நிதானமாகத் தன் வேலையைப் பார்க்கும்.

பார்க் அணிலின் பயிற்சிப் புள்ளிகளைத் தாக்கில் செலவழிக்கவில்லை, அடி தாங்கும் சக்தியில் செலவழித்தார். எதிராளியின் உயிரை ஒரே கடியில் பாதியாக்கும் பல், தொட்டதும் மரத்துப்போக வைக்கும் கன்னம் என்று மற்ற வித்தைகளிலும் தாக்கு பலம் அதிகம் தேவைப்படாதவற்றையே கொடுத்தார். தாக்கு 45 ஆனாலும் பாதி பாதிதானே. இந்த அணிலோடுதான் அவர் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜூடி அஸரெல்லியை வென்று உலக சாம்பியன் ஆனார். அணில் விழாமல் நின்ற ஒவ்வொரு முறையும் அரங்கம் ஆரவாரித்தது.

இராமருக்கு அணை கட்ட உதவிய அணிலின் கதையில் வளர்ந்த நமக்கு இது அன்னியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் கதையில் அணில் கொண்டுவந்த மணல் சிறிது, மனசு பெரிது, அதனால் முதுகில் தடவிக்கொடுத்தார்கள். பார்க்கின் கதையில் அணில் இல்லாவிட்டால் அணையே இல்லை. 'பாவம், ஏதோ தன்னால் ஆனதைச் செய்தது' என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சர்ப்பத்தின் பலம் எத்தனை என்பதை அணில்தான் நிர்ணயித்தது.

இது ஒரு முறை நடந்த அதிசயமும் இல்லை. 2016-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பட்டம் வென்ற அமெரிக்கர் உல்ஃப் கிளிக்கின் அணியில் கடல் ராட்சசனான கயோகரும், வானத்து டிராகனான ரேக்வாஸாவும் இருந்தன. அவற்றோடு ராய்ச்சு என்ற சிறிய மின்சார எலியும் இருந்தது. கட்டடத்தின் மீது இடிதாங்கி போல, கயோகருக்கு வரும் மின்னலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு. ராட்சசர்களை எல்லோரும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இடிதாங்கி யார் என்பதில்தான் ஒவ்வொரு அணியும் வேறுபட்டது.

இதை மறந்த அணிகளைப் பார்க்க ஜப்பானும் அமெரிக்காவும் போக வேண்டாம். நம் கபடியே போதும். ராகுல் சௌத்ரி 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியதிலிருந்து முதல் ஆறு சீசன்கள் ஹைதராபாத் ரசிகர்களின் தெலுகு டைட்டன்ஸ் அணிக்கு ரெய்டு போனவர். லீகின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். அந்த ஆறு சீசன்களிலும் டைட்டன்ஸ் கோப்பையைத் தொடவில்லை. 2019-ல் அவர் தமிழ் தலைவாஸ் அணிக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர். போஸ்டரில் பார்க்கப் பிரமாதமான கூட்டணி. அந்த சீசனில் 12 அணிகளில் தலைவாஸ் பிடித்த இடம், கடைசி.

கபடி தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள கணக்கு புரியும். ரெய்டர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது, சகாக்கள் எடுக்கும் புள்ளிதான். மூலையில் நின்று எதிரணி ஆளின் கணுக்காலைப் பிடிப்பவர் சரியில்லை என்றால், நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் கட்டிப்போடுவதும் இதே சூத்திரம்தான். வெட்டும் சக்தி புலிக்கு மட்டுமே உண்டு. ஆனால் ஒன்றுக்கொன்று முதுகு காட்டாமல் நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது.

மறு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். துணை ஆட்களே அணியாகிவிட்டால் அதுவும் தோல்விதான். கவசமும் மருந்துமாக ஆறு பேரைச் சேர்த்துவிட்டு, அடிக்க யாருமில்லாமல் மூச்சுத் திணறித் தோற்பவர்களும் உண்டு. அணிலின் பெருமை சர்ப்பம் பக்கத்தில் இருக்கும்வரைதான். எதிராளி சர்ப்பத்தை முதலில் முடித்துவிட்டால், தனியே நிற்கும் அணில் வெறும் அணில். ஆகையால் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டாவது அடிப்பவன் ஒருவனையும் வைத்திருப்பார்கள். முதலாமவனுக்கு ஆகாத எதிரி, இரண்டாமவனுக்கு இரையாக இருக்க வேண்டும். ஆறைக் கொண்டுவந்து நான்கை மட்டும் இறக்கும் விதி இருப்பதால், இன்றைக்கு அணில் தேவையா இல்லையா என்பதை ஒவ்வொரு எதிராளிக்கும் புதிதாக யோசிக்க வேண்டும். சாம்பியனுக்கு வேலை செய்தது என்பதற்காகப் பச்சிரிசுவைக் காப்பியடித்த ஆயிரம் பேர் பிறகு தோற்றிருப்பார்கள்.

பெற்றோர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. செல்போனில் ஆடுவதெல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. திறமையால் ஆடும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளைத் தனி வகையாக அங்கீகரித்தது. பிள்ளை எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வது பெற்றோர் பொறுப்பு. விலை உயர்ந்த கருவி இல்லாமல் இலவசமாக ஆடிப் பழகவும் இணையத்தில் வழி உண்டு. எத்தனை மணி நேரம் என்பது வீட்டுக்கு வீடு பேசித் தீர்க்க வேண்டியது. பேச வேண்டுமானால் அவன் சொல்வது கொஞ்சமாவது புரிய வேண்டும்.

அப்படிப் புரிந்துகொண்டால் அது நம்மையே உறுத்தலாம். நம் வீடுகளும் பெரும்பாலும் ஓர் அடிப்பவனைச் சுற்றிக் கட்டிய அணிகள்தானே? ஹைதராபாத்தில் ஐஐடி கோச்சிங் நடக்கும் வீட்டைப் பாருங்கள். பையன் சர்ப்பம். அவன் தூங்க வேண்டும் என்று டிவி வாயடைத்துக் கிடக்கும். அப்பா பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். அம்மா விடியற்காலை எழுந்து டிபன் கட்டுவாள். அக்காவோ தங்கையோ, வீட்டுக்கு வரும் எல்லா வேலைகளையும் 'என்னைப் பார்' என்று தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அவன் ரேங்க் வாங்கினால் ஃபிளெக்ஸ் போர்டில் அவன் முகம் மட்டும் வரும்.

விளையாட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். பச்சிரிசுவுக்கு வேறு ஆசை கிடையாது. அதன் தாக்கு 45 என்று எண்ணிலேயே எழுதியிருக்கிறது. பார்க் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைக் கொடுத்தார். நம் வீட்டில் யாருக்கு என்ன எண் என்று நாம் பார்த்ததுண்டா? பிறந்த வரிசையையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து அணில் வேலையை ஒதுக்கிவிட்டு, பிறகு அவளுக்குப் பொறுமை அதிகம் என்று பாராட்டுப் பத்திரம் வாசிப்பதுதான் வழக்கம்.

மேற்கு மாரெட்பள்ளியில் கஸ்தூரிபா காந்தி மகளிர் ஜூனியர் காலேஜ் இருக்கிறது. அங்கே படித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையை இங்கே சொல்வது பொருந்தும். விமானப்படையில் பணியாற்றியவரின் மகள். பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தவள். செகந்திராபாத்தில் கிரிக்கெட் பயிற்சி அவள் அண்ணனுக்குத்தான் ஏற்பாடாகியிருந்தது. காலையில் நேரம் கழித்து எழும் பழக்கம் போகட்டும் என்று அப்பா அவளையும் கூட அழைத்துப் போனார். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தவளைக் கோச் ஜோதி பிரசாத் கவனித்தார். பையனை விட்டுவிட்டுப் பெண்ணைப் பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னவர் அவர்தான்.

அந்தப் பெண் மிதாலி ராஜ். 1999-ல் தன் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டத்திலேயே, 16 வயதில், அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 114 ரன். 2002-ல் இங்கிலாந்தின் டான்டனில் டெஸ்ட் ஆட்டத்தில் 214. 2022 ஜூனில் ஓய்வு பெற்றபோது 232 ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ரன். பெண்கள் கிரிக்கெட்டில் அதற்குமேல் அப்போது யாரும் எடுத்திருக்கவில்லை. கோச் அன்று எல்லைக்கோட்டுக்கு வெளியே பார்க்காமல் இருந்திருந்தால், அண்ணனின் கிட் பையைத் தூக்கி வந்த தங்கை என்று வீட்டு ஆல்பத்தில் ஒரு போட்டோ மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே துணை நிற்பது உயர்ந்தது என்ற உபதேசத்தோடு மட்டும் இந்த அத்தியாயத்தை மூடிவிட முடியாது. துணையை மதிக்க வேண்டும் என்பது பாதிப் பாடம். யார் துணை, யார் அடிப்பவர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் எண்ணைப் பார்த்து, ஆடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றவும் வேண்டும் என்பது மறு பாதி. போக்கிமான் ஆடும் பிள்ளைகள் இதை வாரத்துக்கு நான்கு முறை செய்கிறார்கள். தோற்ற அணியைப் பிரித்து, யாருக்கு எந்த வேலை தவறாகக் கொடுத்தோம் என்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, மறுநாள் புதிய ஆறோடு வருகிறார்கள். டிராகன் பையனும் இப்போது தன் ஆறில் ஒரு தேவதைக்கு இடம் கொடுத்திருக்கிறான். எந்தப் பெண் அவனைத் தோற்கடித்தாளோ, அவளிடமே போய் எந்தத் தேவதை நல்லது என்று கேட்டிருக்கிறான்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை புரியாத பாஷையில் பேசினால், எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள். உன் அணியில் அடிப்பவன் யார், அவனைத் தடுப்பது எது, அதற்கு யாரை நிறுத்தியிருக்கிறாய் என்று கேளுங்கள். பதில் சொல்ல அரை மணி நேரமாவது ஆகும். கேட்டு முடித்த பிறகு, அன்று ராத்திரி பாத்திரம் தேய்ப்பது யார் முறை என்பதையும் அதே கையோடு பேசி முடித்துவிடலாம்.